செய்மதி தரும் எண்ணிலிருந்து கடலின் வெப்பநிலைக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

செய்மதிப் படம் என்று நாம் தரவிறக்கும் கோப்புக்குள் இருப்பது எண்களின் அட்டவணை. அந்த எண்களை முதலில் கதிர்வீச்சளவாகவும், பின்னர் வெப்பநிலையாகவும், கடைசியாகப் படகிலிருந்து அளந்த வெப்பமானியோடு ஒப்பிடக்கூடிய அளவாகவும் மாற்றும் வேலையைத்தான் அளவுத்திருத்தம் என்கிறோம். இதற்கு இணையத்தில் வழிகாட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை வறண்ட வானமும் அகன்ற கரையும் உள்ள நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஈரப்பதம் நிறைந்த காற்று, சில நூறு மீற்றர் அகல வாவி, மாரியில் வாரக்கணக்கில் விலகாத முகில் என்றிருக்கும் நம் கரையில் அவற்றை அப்படியே பின்பற்றினால் விடை பல பாகை தவறும். ஏன் தவறியது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மாதங்கள் போயின. அந்த மாதங்கள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வு செய்யும் மாணவருக்கும், கடற்றொழில் சங்கத்துக்கு உதவ நினைக்கும் கணினி தெரிந்த இளைஞருக்கும் இது போதும். கணிதத்தில் இயற்கை மடக்கை வரை தெரிந்திருந்தால் சரி.

1. செய்மதியையும் நேரத்தையும் முதலில் முடிவுசெய்யுங்கள்

எல்லாச் செய்மதியும் எல்லாவற்றுக்கும் உதவாது. வாவிக்குள் வெப்பநிலை வேண்டுமென்றால் லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 9 இரண்டும்தான் புதியவருக்கு எளிய வழி. அவற்றின் வெப்பப் பட்டை, அதாவது வெப்பக் கதிரின் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் பதியும் பகுதி, 100 மீற்றர் நுணுக்கத்தில் அளக்கிறது. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை வரும். இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒன்று. வரும் நேரம் காலை பத்து மணிக்குச் சற்றுப் பின்.

திறந்த கடலுக்கு விர்ஸ் (VIIRS) என்ற படமெடுக்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்றிலும் அது இருக்கிறது. நுணுக்கம் 750 மீற்றர்; பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும் கடக்கும். பழைய பாடக்குறிப்புகள் மோடிஸ் கருவியையே சொல்லும். அதைச் சுமக்கும் டெர்ராவும் அக்வாவும் முதுமையடைந்து, கடக்கும் நேரம் நகர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அங்கே போக வேண்டியதில்லை.

வானிலைக்கு, அதாவது முகிலின் உச்சி வெப்பநிலைக்கும் புயலின் நகர்வுக்கும், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செய்மதி வேண்டும். இங்கே பலரும் ஜப்பானின் ஹிமாவரி-9 ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். தரவு எளிதாகக் கிடைப்பதுதான் காரணம். அது நிற்பது 140.7 பாகை கிழக்கில். மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் உச்சியிலிருந்து ஏறத்தாழ 67 பாகை சாய்ந்து, கிழக்கு அடிவானத்தை நோக்கி இருக்கிறது. அவ்வளவு சாய்வில் கதிர் கடக்கும் காற்றின் தடிப்பு நேர்மேலிருந்து பார்ப்பதைவிட இரண்டரை மடங்குக்கு வருகிறது. இந்தியாவின் இன்சாட்-3டி வகைச் செய்மதிகளுக்கு ஒதுக்கப்பட்ட 82 பாகை கிழக்கு நம் தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே. நம் கரைக்கு அதுவே பொருத்தம்.

வீட்டுக் கூரையில் அண்டெனா கட்டி நோவா-15, 18, 19 செய்மதிகளிலிருந்து நேரடியாகப் படம் வாங்கும் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த மூன்றும் 2025 இல் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. வேறு செய்மதிக்காக வானொலிக் கருவி இறக்குவதாக இருந்தாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

2. கணக்குகள், கடிதங்கள், செலவு

தரவுக்குக் காசில்லை. மென்பொருளுக்கும் காசில்லை: வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், செய்மதித் தரவுக்கு ஸ்னாப், சீடாஸ், நிரலுக்குப் பைத்தான் எல்லாம் இலவசம். சீடாஸின் செயலாக்கப் பகுதி லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் அதற்குள் லினக்ஸை நிறுவ வேண்டியிருக்கும். தரவை வாசிப்பதும் படமாகப் பார்ப்பதும் மட்டுமே உங்கள் தேவை என்றால் அந்தச் சிரமம் வேண்டாம்.

மூன்று கணக்குகள் திறக்க வேண்டும். லேண்ட்சாட்டுக்கு அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் கணக்கு, விர்ஸுக்கு நாசாவின் ஏர்த்டேட்டா கணக்கு, நீரின் நிறம் பார்க்க உதவும் சென்டினலுக்கு ஐரோப்பியக் கொப்பர்நிக்கஸ் கணக்கு. மின்னஞ்சல் முகவரி இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. இன்சாட் தரவு அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் மொஸ்டாக் மையத்தில் இருக்கிறது. அங்கும் பதிய வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால் எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். உங்கள் தேவை ஆய்வுக்கானது என்பதை அதுவே சொல்லிவிடும்.

செலவு வேறு இடத்தில் வருகிறது. லேண்ட்சாட்டின் முழுத் தொகுதி ஒரு ஜிகாபைட் அளவு; கையடக்கத் தொலைபேசியின் டேட்டாவில் இறக்கினால் ஒரு மாதப் பொதி சில நாளில் தீரும். முழுத் தொகுதியை எடுக்காதீர்கள். வெப்பத்தை அளக்கும் 10ஆம் பட்டை, ஒவ்வொரு பிக்சலின் தரத்தையும் குறிக்கும் தரக்கொடிப் பட்டை, கணக்குக்கு வேண்டிய மாறிலிகள் உள்ள துணைக்கோப்பு ஆகிய மூன்றை மட்டும் தனியாக இறக்க அதே பக்கத்தில் வசதி இருக்கிறது. பெரிய இறக்கங்களை வளாக நூலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மட்டக்களப்பு நிலையப் பதிவுகள் வேண்டுமென்றால் தலைமையகம் கொழும்பு 7 இல். கடல் அளவீடுகளுக்கு நாரா என்ற தேசிய நீரியல்வள ஆய்வு நிறுவனம் கொழும்பு 15 இல். இரண்டுக்கும் துறைத் தலைவரின் ஒப்பத்துடன் ஆய்வுத் தலைப்பு, வேண்டிய திகதிகள், வேண்டிய அளவுகள், எந்த இடைவெளியில் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ‘வெப்பநிலைத் தரவு தேவை’ என்று மொட்டையாக எழுதினால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், நீங்கள் ஒரு பதில் போடுவீர்கள், மாதம் ஓடிவிடும். கட்டணம் உண்டா, மாணவருக்குச் சலுகை உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் 3ஆம், 4ஆம் படிகளை முடித்துவிடலாம்.

3. தரவிறக்கம்: கோப்பின் பெயரை எழுத்தெண்ணிப் படியுங்கள்

முதல் பொறி நேரம். கோப்புப் பெயரில் இருப்பது உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். பகல் படத்தில் இது பெரிய சிக்கலைத் தராது. இரவு ஒன்றரை மணிப் படத்தில் திகதியே மாறுகிறது: நமக்கு 15ஆம் திகதி அதிகாலை 1.30 என்றால் கோப்பில் 14ஆம் திகதி 20.00 என்று இருக்கும். படகில் எடுத்த அளவை ஒரு நாள் தள்ளிய படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, செய்மதி சரியில்லை என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பொறி, ஏர்த்டேட்டாவிலிருந்து கட்டளை மூலம் இறக்கும்போது வரும். கோப்பு வந்து சேர்ந்திருக்கும், பெயரும் சரியாக இருக்கும், ஆனால் திறக்காது. அதன் அளவைப் பாருங்கள். சில கிலோபைட் மட்டும் என்றால் வந்திருப்பது தரவல்ல, உள்நுழைவுப் பக்கம். கணக்குக்குள் போய், அந்தத் தரவு மையத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

மூன்றாவது, தற்காலிகக் கோப்புகள். லேண்ட்சாட் 8 இன் புதிய படம் முதலில் ‘ஆர்டி’ என்ற குறியோடு வரும். வெப்பக் கருவியின் அளவுகள் இறுதியான பிறகு, இரண்டு மூன்று வாரத்தில், அது ‘டி1’ என்ற குறியோடு மீண்டும் வெளியாகும். அவசரமில்லை என்றால் காத்திருங்கள். அவசரமென்று எடுத்தால், பிறகு மாற்ற வேண்டும் என்று குறித்துவையுங்கள்.

4. ஒரே ஒரு பிக்சலைக் கையால் கணக்கிடுங்கள்

மென்பொருளைத் திறந்து, நீலத்திலிருந்து சிவப்புவரை வண்ணம் பூசி, அழகான படம் ஒன்றை உருவாக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். பொறுங்கள். கடலில் ஒரு பிக்சலைத் தெரிவுசெய்து, அதன் எண்ணைத் தாளில் எழுதி, கணிப்பானில் கணக்கிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் பின்னர் எங்கே பிழை என்று தெரியாமல் முழு நிரலையும் கிளறுகிறார்கள்.

லேண்ட்சாட் 8 இன் 10ஆம் பட்டையில் முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு பிக்சலின் எண் 28000 என்று வைத்துக்கொள்வோம். துணைக்கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் அந்தப் பட்டைக்கான பெருக்கெண் 0.0003342, கூட்டெண் 0.1 என்று இருக்கும்.

28000 × 0.0003342 + 0.1 = 9.4576

இது கதிர்வீச்சளவு. அலகு: ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு ஸ்டெரேடியனுக்கு, ஒரு மைக்ரோமீற்றருக்கு இத்தனை வாட்.

அடுத்து அதே துணைக்கோப்பில் கே1 = 774.8853, கே2 = 1321.0789 என்று இரண்டு மாறிலிகள் இருக்கும். கே1 ஐக் கதிர்வீச்சளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதன் இயற்கை மடக்கையை எடுத்து, கே2 ஐ அதனால் வகுக்க வேண்டும்.

774.8853 ÷ 9.4576 = 81.932
81.932 + 1 = 82.932
இயற்கை மடக்கை = 4.4180
1321.0789 ÷ 4.4180 = 299.02 கெல்வின்

273.15 ஐக் கழித்தால் 25.87 பாகை செல்சியஸ். உங்களுக்கு 688 கெல்வின் வந்தால் கணிப்பானில் பத்தடி மடக்கையை அழுத்தியிருக்கிறீர்கள்.

இப்போது அதே 28000 ஐ லேண்ட்சாட் 9 படத்தில் கண்டால்? அங்கே பெருக்கெண் 0.00038, கே1 = 799.0284, கே2 = 1329.2405. விடை 307.50 கெல்வின், அதாவது 34.35 பாகை. ஒரே எண்ணுக்கு எட்டரைப் பாகை வித்தியாசம்! இரண்டு செய்மதியின் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு, ஒன்றின் மாறிலிகளை நிரலில் நிலையாக எழுதி, எல்லாவற்றையும் ஓட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாறிலிகளை ஒருபோதும் கையால் எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் துணைக்கோப்பிலிருந்தும் நிரலே வாசிக்கட்டும்.

லேண்ட்சாட் 8 இல் 11ஆம் பட்டை என்று இன்னொரு வெப்பப் பட்டையும் உண்டு. பார்வைப் பரப்புக்கு வெளியிலிருந்து சிதறி வரும் கதிர் அந்தக் கருவியைப் பாதித்தது. 10ஆம் பட்டையைவிட 11 இல் பாதிப்பு அதிகம், ஆகவே அளவுக் கணக்குக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்சாட் கோப்பில் வழி வேறு. அங்கே சூத்திரம் தேவையில்லை. ஒவ்வொரு வெப்பப் பட்டைக்கும் 1024 வரி கொண்ட அட்டவணை அதே கோப்புக்குள் இருக்கிறது. பிக்சலின் எண் எத்தனையோ அத்தனையாவது வரியில் உள்ளது வெப்பநிலை. எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள். அட்டவணையின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்து, எண் கூடக் கூட வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உறுதிசெய்தபின் மேலே போங்கள்.

ஏற்கெனவே வெப்பநிலையாக்கித் தரும் கோப்புகளிலும் ஒரு வலை விரித்திருக்கிறது. நாசாவின் கடல் வெப்பநிலைக் கோப்புகளில் எண்ணை 0.005 ஆல் பெருக்க வேண்டும்: 5820 என்றால் 29.1 பாகை. ஆனால் பைத்தானின் சில நூலகங்கள் கோப்பைத் திறக்கும்போதே பெருக்கிவிடும். நீங்களும் ஒருமுறை பெருக்கினால் வங்காள விரிகுடா உறைபனிக்கு வந்துவிடும். இது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். சென்டினல்-2 இல் நடப்பது இன்னும் நுட்பமானது. 2022 ஜனவரி 25 முதல் வந்த செயலாக்கத்தில் எண்ணிலிருந்து 1000 ஐக் கழித்துவிட்டுத்தான் 10000 ஆல் வகுக்க வேண்டும். பழைய குறிப்பைப் பின்பற்றிக் கழிக்காமல் விட்டால், வாவி நீர் அந்தத் திகதிக்குப் பின் திடீரென்று வெளிறிவிட்டதாகத் தோன்றும். நீர் அல்ல, கோப்பின் வழக்கம் மாறியிருக்கிறது.

5. காற்றைக் கழிப்பது

மேலே கிடைத்த 25.87 பாகை கடலின் வெப்பநிலை அல்ல. காற்றுமண்டலத்தின் உச்சியிலிருந்து தெரியும் ஒளிர்வு வெப்பநிலை. கடலுக்கும் செய்மதிக்கும் நடுவே உள்ள நீராவி, கடலின் கதிரில் ஒரு பங்கை விழுங்கி, தன் குளிர்ந்த கதிரைச் சேர்த்து அனுப்புகிறது. நம் கரையில் அந்தப் பங்கு சிறியதல்ல.

ஒரே பட்டையை வைத்துத் திருத்த மூன்று அளவுகள் வேண்டும்: காற்று எவ்வளவு கதிரைக் கடத்துகிறது, காற்று தானாக மேல்நோக்கி அனுப்புவது எவ்வளவு, கீழ்நோக்கி அனுப்புவது எவ்வளவு. இடத்தையும் திகதியையும் நேரத்தையும் கொடுத்தால் இவற்றைக் கணித்துத் தரும் இலவசக் கணிப்பான் ஒன்றை நாசா வைத்திருக்கிறது. விளக்கத்துக்காக, கடத்துதிறன் 0.60, மேல்நோக்கியது 3.6, கீழ்நோக்கியது 5.6, நீரின் உமிழ்திறன் (முழுமையாகக் கதிர்வீசும் பொருளோடு ஒப்பிட்டால் நீர் வீசும் பங்கு) 0.99 என்று எடுத்துக்கொள்வோம்.

9.4576 − 3.6 = 5.8576
5.8576 ÷ 0.60 = 9.7627
9.7627 − 0.01 × 5.6 = 9.7067
9.7067 ÷ 0.99 = 9.8047

இதை மறுபடி மடக்கைச் சூத்திரத்தில் இட்டால் 301.45 கெல்வின், 28.30 பாகை. இரண்டரைப் பாகை ஏறியிருக்கிறது. சரி, இப்போது மற்ற எதையும் தொடாமல் கடத்துதிறனை மட்டும் 0.58 ஆக்குங்கள். விடை 30.63 பாகை! நூற்றில் இரண்டு பங்கு மாற்றத்துக்கு இரண்டு பாகைக்கு மேல் ஏறுகிறது. உண்மையில் இந்த அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே மாறும் என்பதால் நடைமுறைப் பிழை இவ்வளவு இராது. ஆனாலும் ஈரக் காற்றுள்ள நாளில் ஒற்றைப் பட்டையை நம்பி ‘வாவி அரைப் பாகை சூடாகிவிட்டது’ என்று எழுதுவது பொறுப்பில்லாத வேலை. ஒரே படத்துக்குள் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட அது பயன்படும். நாளுக்கு நாள் ஒப்பிட, வெப்பமானியின் துணை வேண்டும்.

விர்ஸ் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்க்கிறது. 11, 12 மைக்ரோமீற்றர் ஆகிய இரண்டு பட்டைகளிலும் அளந்து, அவற்றின் வித்தியாசத்திலிருந்து நீராவியின் அளவை ஊகிக்கிறது. நீராவி 12 ஐக் கூடுதலாக விழுங்கும். இந்தத் திருத்தம் செய்யப்பட்ட கோப்பே தயாராகக் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்; நீங்களாகக் குணகங்கள் தேட வேண்டாம்.

6. தரக்கொடி: எது நல்லது, எது கெட்டது

இதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும். நாசாவின் கடல்நிறக் குழு தரும் வெப்பநிலைக் கோப்பில் தரம் 0 என்றால் மிகச் சிறந்தது, 4 என்றால் குப்பை. ஜிஎச்ஆர்எஸ்எஸ்டி என்ற சர்வதேசக் கடல் வெப்பநிலைக் குழுவின் வடிவத்தில் வரும் கோப்பில் தரம் 5 மிகச் சிறந்தது, 0 என்றால் தரவே இல்லை. இரண்டும் நேரெதிர். ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதற்கு ஓட்டினால் நல்ல பிக்சல்களை எல்லாம் எறிந்துவிட்டு முகிலின் வெப்பநிலையைக் கடலென்று காட்டும். முதலாவது கோப்பு செல்சியஸிலும் இரண்டாவது கெல்வினிலும் இருக்கும் என்பது கூடுதல் செய்தி.

ஜிஎச்ஆர்எஸ்எஸ்டி கோப்பில் நேரமும் இரண்டு துண்டாக இருக்கும்: கோப்புக்குப் பொதுவான நேரம் ஒன்று, ஒவ்வொரு பிக்சலுக்கும் அதிலிருந்து எத்தனை வினாடி தள்ளி என்பது இன்னொன்று. கூட்டிக்கொள்ளுங்கள். சார்புப் பிழை என்ற பெயரில் ஒரு மதிப்பும் கூடவே வரும்; அது வெப்பநிலையிலிருந்து கழிக்கப்பட வேண்டியது.

முகில் மறைப்பை, அதாவது முகிலென்று கருதிய பிக்சல்களைக் கோப்பு தானே நீக்குவதை, முழுதாக நம்பாதீர்கள், முழுதாகச் சந்தேகிக்கவும் வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றுக் காலத்தில் நல்ல பிக்சல் கிடைப்பதே அரிது. ஆய்வுக் காலத்தைத் திட்டமிடும்போது இதை மனதில் வையுங்கள். பெப்ரவரியின் பின்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரைதான் உங்களுக்கான காலம். ஜூன், ஜூலையில் இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் குளிர்ந்த நீர்த்திட்டு ஒன்று தெரிந்தால் அதை முகிலென்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடியிலிருந்து குளிர்நீர் மேலெழும் ஒரு பெரிய சுழல் அங்கே உண்மையாகவே உருவாகிறது.

7. இடத்தைப் பொருத்துதல்

லேண்ட்சாட் படம் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆள்கூற்று முறையில் வரும். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களோ இலங்கைக் கட்டத்தில் இருக்கும். அதிலும் பழைய கண்டவளை அடிப்படை ஒன்று, 1999 இன் அடிப்படை ஒன்று என இரண்டு. முறையான மாற்றம் செய்யாமல் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். கல்லடிப் பாலத்தடியில் வாவியின் அகலமே சில நூறு மீற்றர். நீரென்று நினைத்து நாவற்குடாவின் கூரைத் தகரத்தின் வெப்பத்தை அளந்துகொண்டிருப்பீர்கள்.

துணைக்கோப்பில் பிக்சல் 30 மீற்றர் என்று போட்டிருக்கும். அது மீள்மாதிரி எடுத்த அளவு. உண்மை நுணுக்கம் 100 மீற்றர்தான். ஆகவே கரையிலிருந்து குறைந்தது 200 மீற்றர் தள்ளிய நீரையே எடுங்கள். விர்ஸ் என்றால் கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றராவது வெளியே போங்கள். வாவிக்குள் விர்ஸ் பிக்சல் கிடைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

8. வெப்பமானியோடு கடலுக்கு

சில ஆயிரம் ரூபாய்க்கு நீரில் அமிழ்த்தும் டிஜிட்டல் வெப்பமானி வாங்கலாம். பெட்டியில் ‘0.1 பாகை’ என்று அச்சிட்டிருப்பது காட்சித் திரையின் நுணுக்கம், துல்லியம் வேறு. வாங்கியவுடன் அதைச் சோதியுங்கள். ஐஸை நன்றாக உடைத்து, கழுவி, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் நல்ல நீர் விட்டு, கலக்கி, சில நிமிடம் பொறுத்து வெப்பமானியை வையுங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸில் உப்போ அழுக்கோ இருந்தால் பூச்சியத்துக்குக் கீழே போகும். வீட்டில் உறைய வைத்ததையே பயன்படுத்துங்கள்.

அடுத்த புள்ளிக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் நல்ல டிஜிட்டல் வெப்பமானிகள் 37 பாகையை ஒட்டி ஒரு பாகையில் பத்திலொரு பங்குத் துல்லியத்துக்குத் தயாரிக்கப்படுகின்றன. 37 பாகை அளவு வெதுவெதுப்பான நீரை ஒரு தடித்த பாத்திரத்தில் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து, கலக்கிக்கொண்டே ஒப்பிடுங்கள். இரண்டு புள்ளிகள் கிடைத்தால் நடுவே நேர்கோடு போட்டு நம் கடலின் 27 முதல் 31 பாகை வரையிலான பிழையைக் கணக்கிடலாம். ஆய்வுக்கு முன்னும் பின்னும் இரண்டு தடவை செய்து திகதியோடு எழுதிவையுங்கள்.

படகுக்கு, பாலமீன்மடுவிலோ வாழைச்சேனையிலோ கல்முனைக் கரையிலோ ஏற்கெனவே தொழிலுக்குப் போகும் ஒருவரோடு பேசுங்கள். தனியாகப் படகு அமர்த்தினால் எரிபொருளே உங்கள் முழுச் செலவையும் தின்றுவிடும். கூடப் போவதென்றால் தேசிய அடையாள அட்டை, துறைத் தலைவரின் கடிதம், உயிர்காப்பு அங்கி மூன்றும் கையில் இருக்கட்டும். மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு பிரதி கொடுத்துவிட்டால் கரையில் யாராவது கேட்கும்போது நின்று விளக்க வேண்டியிராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலில் போகாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு பரிந்துரை. பகல் ஒன்றரைக்கு விர்ஸ் கடக்கும்போது படகுகள் பெரும்பாலும் கரையில் இருக்கும். காற்றில்லாத நாளில் கடலின் மேற்பரப்பும் வெயிலில் தனியாகச் சூடேறி, வாளியில் அள்ளிய நீரோடு பொருந்தாது. இரவு ஒன்றரை மணிக்கு அந்தச் சூடு இல்லை. படகும் கடலில்தான் நிற்கும். இரவுத் தொழிலுக்குப் போகும் ஐயா ஒருவரிடம் வெப்பமானியைக் கொடுத்து, ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வாளியில் நீர் அள்ளி, நிழலில் வைத்து, உடனே பார்த்து எழுதித்தரச் சொல்லுங்கள். இடத்தைக் குறிக்க அவரிடமுள்ள ஜிபிஎஸ் கருவியே போதும். அவர் பெயரை ஆய்வின் நன்றியுரையில் போடுவதற்கு அவரிடமே அனுமதி கேளுங்கள். வெப்பப் படத்தை அச்சிட்டு ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்காமலே எழுதிவைத்திருப்பார்.

ஒப்பிடும்போது படகு நின்ற பிக்சலை மட்டும் எடுக்காமல் அதைச் சுற்றி ஐந்துக்கு ஐந்தாக 25 பிக்சல்களை எடுங்கள். தரம் குறைந்தவற்றை நீக்கி, மிஞ்சியவற்றின் இடைநிலையை வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் நீக்க நேர்ந்தால் அந்த ஒப்பீட்டையே விட்டுவிடுங்கள். நேர இடைவெளி மூன்று மணிக்குள் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் செய்மதி வாளியைவிட ஒன்றிரண்டு பத்திலொரு பாகை குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். வெப்பக்கதிர் வருவது நீரின் மேலுள்ள மிக மெல்லிய படலத்திலிருந்து, ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு ஆழத்திலிருந்து. அந்தப் படலம் கீழே உள்ள நீரைவிடச் சற்றுக் குளிர்ந்தது. சில கோப்புகளில் இது முன்பே சரிசெய்யப்பட்டிருக்கும். கோப்பின் விளக்கத்தைப் படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

9. கடல் நிறம்: இன்னொரு வருடத்துக்கு ஒத்திவைக்கலாம்

பச்சையத்தின் அளவைக் கணக்கிட்டு மீன் இருக்கும் இடம் சொல்லலாம் என்ற ஆசையோடு பலர் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்மதிக்குப் போய்ச் சேர்வதில் பத்தில் ஒன்பது பங்கு காற்றிலிருந்து வருவது. கடலிலிருந்து வருவது ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. கருவியின் அளவு நூற்றில் ஒன்று பிசகினாலே கடலின் நிறம் பத்து வீதம் பிசகும். அதனால்தான் ஹவாய்க்கு அருகே 1997 முதல் மோபி என்ற மிதவையை நிறுத்தி, அதன் அளவோடு நாசா தன் கருவிகளைச் சரிபார்த்துவருகிறது. அந்த வேலையை நாம் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை.

நம் கரைக்கே உரிய இரண்டு பொறிகளை மட்டும் சொல்கிறேன். மாரியில் முகத்துவாரம் திறந்து செம்மண் நிற நீர் கடலில் விரியும்போது, வழக்கமான சூத்திரம் அதைப் பச்சையம் என்று எண்ணி மிகையான அளவைக் காட்டும். இரண்டாவது, சூரியன் நம் தலைக்கு நேரே வரும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் படத்தின் பெரும்பகுதியை அழித்துவிடும். வானம் தெளிந்திருக்கும், கோப்பில் தரவு இராது.

10. என்னென்ன எழுதிவைக்க வேண்டும்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: கோப்பின் முழுப்பெயர், இறக்கிய திகதி, செயலாக்கப் பதிப்பு, பயன்படுத்திய தரக்கொடி எல்லை, காற்றுத் திருத்தத்துக்கு இட்ட மூன்று அளவுகள், வெப்பமானியின் பிழை. நாசாவும் மற்றவர்களும் பழைய தரவு முழுவதையும் புதிய அளவுத்திருத்தத்தோடு அவ்வப்போது மறுசெயலாக்கம் செய்வார்கள். பாதி ஆண்டுகள் பழைய பதிப்பிலும் மீதி புதியதிலும் இருந்தால், இரண்டும் சேருமிடத்தில் கடல் ஒரே நாளில் மாறியதுபோல ஒரு படிக்கட்டு தெரியும். பதிப்பு எண் எழுதப்படாத கோப்புகளை வைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டை யாராலும் விளக்க முடியாது. புதிய பதிப்பு வந்தால் முழுத் தொடரையும் மறுபடி இறக்குங்கள். அதற்கென்று அறிக்கை ஒப்படைக்கும் திகதிக்கு முன் ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள்.